இரண்டாம் பாதி

நாற்காலியை ஒரு சாண் பின்னால் தள்ளிப் போட்டுக்கொண்டால் வட்டத்துக்குள் இருப்பதாகவும் ஆகாது, வெளியே இருப்பதாகவும் ஆகாது என்று பூங்கோதைக்குத் தோன்றியது. தள்ளிப் போட்டாள். இரும்புக் கால் தரையில் கிரீச்சிட்டது. யாரும் திரும்பவில்லை. பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. பாட்டென்றால் வாய்ப்பாட்டு இல்லை. சில பிடில்கள், இரண்டு கிதார், ஒரு மாண்டலின், மூலையில் ஆள் உயரத்துக்கு நின்ற பெரிய பாஸ் பிடில், எல்லாம் சேர்ந்து ஒரே மெட்டைத் திருப்பித் திருப்பி வாசித்துக்கொண்டிருந்தன. எப்போது தொடங்கியது என்று நினைவில்லை, எப்போது முடியும் என்றும் தெரியவில்லை. ஆரம்பித்தவர் காலைத் தூக்கிக் காட்டினால் அதுதான் கடைசிச் சுற்று என்று அர்த்தமாம். உள்ளே வரும்போது வாசலில் நின்ற தொண்டர் பெண் சிரித்துக்கொண்டே சொல்லிக் கொடுத்தாள். பூங்கோதை அதிலிருந்து எல்லோருடைய கால்களையும் பார்த்துக்கொண்டிருந்தாள். சேறு படிந்த காலணிகள், ஒரு கிழவியின் சிவப்புக் காலுறை, தன் பக்கத்தில் கணவர் சென்னியப்பனுடைய கால்கள். இடது கால் தாளம் போட்டது. வலது கால் பாதத்தைப் பிடிக்கும் பிளாஸ்டிக் பட்டைக்குள் சும்மா இருந்தது. அவருடைய மடியில் பாஞ்சோ இருந்தது. முறத்தில் தோல் இழுத்துக் கட்டி நீளமாக ஒரு கைப்பிடி வைத்தது மாதிரி ஒன்று. இடது கை கைப்பிடியில் கம்பிகளை அழுத்தி அழுத்தி நகர்ந்தது. மீட்ட வேண்டிய வலது கை தோலின்மேல் தூங்குகிற பூனை மாதிரி கிடந்தது. சத்தம் வராத வாசிப்பு. ஒருவேளை அவருக்குக் கேட்கிறதோ என்னவோ. கேட்டால் நல்லது. இந்த அறை ஒரு காலத்தில் வகுப்பறை. கரும்பலகைக்கு மேலே ஏ முதல் இசட் வரை ஒட்டிய காகிதப் பட்டை இன்னும் இருந்தது, கியூ மட்டும் கிழிந்து போயிருந்தது. வெளியே நடைபாதையில் குடிதண்ணீர்க் குழாய் முழங்கால் உயரத்தில். பிட்ஸ்பர்க்கில் பிள்ளைகள் குறைந்து மூடிய பள்ளிக்கூடத்தை அந்தப் பகுதிக்காரர்கள் சேர்ந்து பொதுக்கூடமாக்கியிருந்தார்கள். வசந்தத்தில் ஒரு சனிக்கிழமை இந்த மலைநாட்டுச் சங்கீதக்காரர்கள் எல்லா அறைகளையும் எடுத்துக்கொள்வார்கள். அவருக்குத் தீபாவளி மாதிரி அந்த நாள். முந்தின வாரமே புதுக் கம்பி மாட்டிவிடுவார். இந்த வருஷம் கம்பி மாட்ட ஆள் இல்லை. பழைய கம்பி. துருப் பிடித்திருக்குமோ. விரலைக் கிழித்துவிடுமோ. ரத்தத்தை நீர்க்க வைக்கிற மாத்திரை சாப்பிடுகிறவர், சின்னக் கீறலென்றாலும் நிற்காது. கைப்பையில் பஞ்சு இருக்கிறது. இருக்கிறதா? தொட்டுப் பார்த்துக்கொண்டாள். இருந்தது.

கால் உயர்ந்தது. சிவப்புக் காலுறைக் கிழவியின் கால். மெட்டு ஒரு முறை சுற்றி வந்து சட்டென்று நின்றது, எல்லோரும் சிரித்தார்கள், யாரும் கைதட்டவில்லை. அதுவும் சென்னியப்பன் எப்போதோ சொன்னதுதான். கீழே பெரிய கூடத்தில் மேடை, மைக், வேகம், ஒருத்தர் மாற்றி ஒருத்தர் முன்னால் வந்து தன் கைவரிசையைக் காட்டுவது, அதற்குப் புளூகிராஸ் என்று பேர், அது நம்ம கச்சேரி மாதிரி அம்மிணி, மேலே வகுப்பறைகளில் நடக்கிறது பாரு, அது கும்மி, கும்மிக்கு ஏது சபை, அடிக்கிறவங்கதான் கேக்கறவங்க. சோற்றைப் பிசைந்துகொண்டே சொல்லியிருக்கிறார், எத்தனையோ ஞாயிற்றுக்கிழமை. அவள் கேட்டாளா? பாதி கேட்டிருப்பாள். மீதிப் பாதியில் ரசம் ஊற்றியிருப்பாள். இரண்டு வாரத்துக்கு ஒரு ஞாயிறு அவர் பாஞ்சோவைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார், மற்ற நாளெல்லாம் அடித்தளத்து அறைக்கு இறங்கிவிடுவார். தமிழ்ச் சங்கத்துப் பெண்கள் கேலி செய்வார்கள். உங்க வீட்டுக்காரருக்குச் சின்ன வீடு இருக்குதாமே, கோதை. இருக்குதே, எங்க வீட்டுக்கு அடியிலயே வெச்சிருக்கிறாரு என்பாள் இவள். சிரிப்பார்கள். இவளும் சிரிப்பாள். சிரித்துவிட்டு வந்து காரில் உட்கார்ந்தால் சிரிப்பு வேறு மாதிரி ஆகிவிடும். பாலங்களைச் சோதிக்கிற என்ஜினீயர். ஆற்றுக்கு மேலே தொங்கிக்கொண்டு இரும்பில் விரிசல் தேடுகிறவர். வேலை நடந்த ஏதோ மலையடிவாரத்தில் சாப்பாட்டு வேளையில் ஒரு வெல்டர் இதை வாசித்தானாம், அன்றைக்கே பிடித்துக்கொண்டதாம். ஏன் என்று கேட்டால் பதில் கிடையாது. பிடிச்சிருக்குது, அவ்வளவுதான். பிடித்திருக்கிறதற்குக் காரணம் கேட்கக் கூடாது என்று அவளுக்கும் தெரியும். ஆனாலும் ஒருமுறைகூட அவள் இங்கே வந்ததில்லை. வா என்று அவர் கூப்பிட்டது ஆரம்பத்தில், பிறகு கூப்பிடுவதை விட்டுவிட்டார். எந்த வருஷம் விட்டார்? அது தெரியாமலே போய்விட்டது. கூப்பிடுவது நின்ற நாளை யாராவது குறித்து வைப்பார்களா.

அடுத்து மாண்டலின்காரர் ஏதோ பேர் சொன்னார், மெட்டு எழுந்தது. வட்டத்தில் முறை வைத்துப் போகிறது, ஒவ்வொருவராக ஒரு மெட்டைச் சொல்ல வேண்டும். மாண்டலினுக்கு அடுத்து தாடிக்காரர், அப்புறம் பிடிலோடு ஒரு அம்மாவும் மகளும், அப்புறம் இவரை இங்கே கூப்பிட்ட கிதார்க்காரர் டேரல், அதற்கு அப்புறம் இவர்.  இவர் என்ன சொல்லுவார்? தெரிந்ததுதானே. வெள்ளிக்கிழமை என்பார். பக்கவாதம் வந்ததிலிருந்து அவர் வாயில் அந்த ஒரு சொல்தான். தண்ணீர் வேண்டுமென்றாலும் வெள்ளிக்கிழமை, தலை வலித்தாலும் வெள்ளிக்கிழமை, மகள் நிறைமதி டாலஸிலிருந்து போனில் முகம் காட்டினாலும் வெள்ளிக்கிழமை. சிலருக்கு இப்படி ஒரு சொல் மட்டும் தங்கிவிடும், ஏன் அந்தச் சொல் என்று எங்களுக்கும் தெரியாது என்றார் டாக்டர். புரிந்துகொள்வதில் குறையில்லை, எல்லாம் உள்ளே போகிறது, வெளியே வரும் கதவில்தான் ஒரே ஒரு ஆள் நிற்கிறார். நாள் ஆக ஆக அந்த ஒரு சொல்லிலேயே அவளுக்கு ஒரு பாஷை பிடிபட்டுவிட்டது. முடிவில் தூக்கினால் கேள்வி, நடுவில் இழுத்தால் வலி, மெதுவாக விழுந்தால் போதும் என்று அர்த்தம். தினமும் மகள் கேட்பாள். அம்மா, இன்னைக்கு அப்பா என்ன சொன்னாரு? இவள் சொல்லுவாள். வெள்ளிக்கிழமைதான் கண்ணு, ஆனா நல்ல வெள்ளிக்கிழமை. அந்தப் பக்கம் சிரிப்பு வரும். ஆனால் முதல் வெள்ளிக்கிழமை? அதை அவள் மகளிடம் சொன்னதில்லை என்று இல்லை, சொன்னாள். சொல்லியும் அது போகவில்லை. செப்டம்பர் மாதம், காலை வேளை, அவர் அடித்தளத்திலிருந்து படியேறி வந்து சமையலறை வாசலில் நின்று வெள்ளிக்கிழமை என்றார். இல்லீங்க, இன்னைக்குப் புதன் என்றாள். வெள்ளிக்கிழமை. புதனுங்க, குப்பை எடுக்கற நாளு, வெளிய வெச்சுட்டு வந்தனே. வெள்ளிக்கிழமை. கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டே, திரும்பிப் பார்க்காமலே, நாள்கூடத் தெரியலையா உங்களுக்கு, எப்பப் பாத்தாலும் நான் சொன்னதுக்கு எதுத்துப் பேசறதே வேலையாப் போச்சு என்றாள். அப்புறம்தான் திரும்பினாள். வாயின் ஒரு ஓரம் இறங்கியிருந்தது. அந்தச் சில நிமிஷங்களால் ஒன்றும் ஆகிவிடவில்லை என்றார்கள் ஆஸ்பத்திரியில். மருந்துக்கடையில் வேலை பார்க்கிறவள் அவள், மனிதர்களை எந்தக் குரலில் தேற்றுவார்கள் என்று அவளுக்குத் தெரியும். அந்தக் குரலில்தான் சொன்னார்கள். அன்றையிலிருந்து அவள் அவரை எதிர்த்து ஒரு வார்த்தை பேசியதில்லை. ஆமாங்க. சரிங்க. அப்படியே பண்ணலாமுங்க. உப்பில்லாத கஞ்சி மாதிரி ஒரு வீடு. அமைதியாகத்தான் இருந்தது. அமைதியாக மட்டும்தான் இருந்தது.

தாடிக்காரரின் மெட்டு மெல்லியதாக, ஆற்றில் எதுவோ மிதந்து போவது மாதிரி இருந்தது. ஜன்னலுக்கு வெளியே தூறல். கீழ்க்கூடத்திலிருந்து வேகமான சத்தம் ஒன்று கதவு திறக்கும்போது வந்து கதவு மூடும்போது போனது. கூடவே பீன்ஸ் சூப்பின் வாசனையும், யாரோ சோளமாவு ரொட்டி சுட்டுக் கொண்டுவந்திருந்தார்கள், அந்த வாசனையும். பசிக்கிறதா இவருக்கு? கேட்டால் மெட்டு கலைந்துவிடும். பேச்சுப் பயிற்சி கொடுக்கிற பெண் ஒருநாள் சொன்னாள், பேச்சு தங்குவது மூளையில் ஒரு பக்கம், பாட்டு தங்குவது பெரும்பாலும் மறுபக்கம், பேச முடியாத சிலர் தெரிந்த பாட்டை வார்த்தையோடு பாடிவிடுவார்கள், முயற்சி செய்து பாருங்கள். அன்று இரவே முயற்சி செய்தாள். செல்போனில் பழைய சினிமாப் பாட்டாகப் போட்டாள், சென்னிமலை முருகன் பாட்டுப் போட்டாள், அவருடைய பேரிலேயே இருக்கிற மலை, அந்தச் சாமிக்குக் காவடி எடுப்பதாக வேண்டிக்கொண்டு போட்டாள். அவர் மரியாதையாகக் கேட்டார். பாடவில்லை. எப்படிப் பாடுவார், எந்தக் காலத்தில் பாடினார்? அவர் பாடியதெல்லாம் இந்த ஊர்க்காரர்களோடு, இந்தப் பாஷையில், அடித்தளத்தில் கதவைச் சாத்திக்கொண்டு. டேரல் அப்போதுதான் போன் செய்தார். நகரப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர், கிதார் வாசிப்பவர், இத்தனை வருஷமாக அவள் போனில் மட்டும் குரல் கேட்டிருக்கிற ஒரு பேர். செனியைத் திருவிழாவுக்குக் கூட்டிவாருங்கள் என்றார். சென்னி என்று அவருக்கு வராது. அவரால் வாசிக்க முடியாதே என்றாள். வாசிக்கவா கூப்பிட்டேன், உட்காரக் கூப்பிட்டேன் என்றார். போனை வைத்த பிறகு அவளுக்கு இரண்டு பயம் வந்தது. ஒன்று, அங்கே போயும் அவர் பாடாமல் இருந்துவிட்டால். அது எல்லோருக்கும் புரிகிற பயம். இன்னொன்றை யாரிடம் சொல்வது? பாடிவிட்டால். இவள் பேரை மறந்த வாய், அம்மிணி என்று கூப்பிடத் தெரியாத வாய், இந்த மனிதர்கள் நடுவில் இவர்கள் பாஷையில் முழுசாக ஒரு பாட்டைப் பாடிவிட்டால். அப்போது அந்த மறுபக்கத்தில் இருப்பதெல்லாம் இவர்கள்தான் என்று ஆகிவிடும். அவள் கதவில் நிற்கிற ஒற்றை ஆளோடு காலம் தள்ள வேண்டியதுதான். சீ, என்ன புத்தி இது. மனுசன் ஒரு வார்த்தை பேச மாட்டாரா என்று ஊரே வேண்டிக்கொண்டிருக்கிறது. முருகா, பாடட்டும். எந்தப் பாஷையிலாவது பாடட்டும். உனக்குத்தான் எல்லாப் பாஷையும் தெரியுமே. ஆனால்… என்ன ஆனால். ஆனால் ஒன்றுமில்லை.

அம்மாவும் மகளும் சேர்ந்து ஒரு மெட்டுச் சொன்னார்கள். மகள் பிடிலை மார்போடு சாய்த்து வைத்து வாசித்தாள், தாய் அவள் கையைப் பார்க்காமல் தரையைப் பார்த்து வாசித்தாள், இரண்டும் ஒரே கை மாதிரி இருந்தது. இது முடிந்தால் டேரல். டேரல் முடிந்தால் இவர். போய்விடலாம். மாத்திரை நேரம் என்று ஒரு காரணம் இருக்கவே இருக்கிறது, பொய்யும் இல்லை. இன்னும் ஒரு மணி நேரம் கழித்துச் சாப்பிட வேண்டியதை இப்போது சாப்பிட்டால் என்ன. நடைபாதையில் கூட்டிப் போய்த் தண்ணீர் கொடுத்து, அப்படியே லிஃப்டில் இறங்கி, காரில் ஏற்றி, பாலத்தைத் தாண்டிவிட்டால் முடிந்தது. இத்தனை பேருக்கு முன்னால் அந்த ஒரு சொல்லைச் சொல்லி, இவர்கள் பரிதாபமாகப் பார்த்து, அல்லது பார்க்காத மாதிரி பார்த்து, அதையெல்லாம் அவர் ஏன் பட வேண்டும். குனிந்து அவர் காதருகே சொன்னாள். "ஏனுங்க, போலாமுங்களா? மாத்திரை சாப்பிடோணுமல்ல." அவர் திரும்பவில்லை. "வெள்ளிக்கிழமை" என்றார், சன்னமாக, கொசுவை ஓட்டுவது மாதிரி. இரு என்று அர்த்தம். சரிங்க என்றாள். சரிங்க என்று சொல்லிப் பழகிய நாக்கு, யோசிக்காமலே சொல்லிவிடுகிறது. முன்னெல்லாம் என்றால் இதற்கே ஒரு சண்டை நடந்திருக்கும். சாவியை எடுத்துக்கொண்டு, நீங்க வாங்க வராட்டிப் போங்க என்று எழுந்திருப்பாள். இப்போது கைப்பையின் வாரைச் சுருட்டி, பிரித்து, சுருட்டிக்கொண்டிருந்தாள்.

டேரலின் மெட்டு சீக்கிரம் முடிந்துவிட்டதாகத் தோன்றியது. பெரிய உடம்பு, மெல்லிய கால், அது உயர்ந்ததை அவள் பார்க்கவே இல்லை. நின்றுவிட்டது. யாரோ கம்பியைச் சரி செய்தார்கள். டேரல் இந்தப் பக்கம் திரும்பி, தினமும் கேட்கிற சாதாரணக் கேள்வி மாதிரி, "செனி, உன் முறை. என்ன வாசிக்கலாம்?" என்று கேட்டார். பூங்கோதை வாயைத் திறந்தாள். அவருக்கு முடியாது, அடுத்தவருக்குப் போங்கள் என்று சொல்வதற்கான ஆங்கில வாக்கியம் நாக்கில் தயாராக இருந்தது. அதற்குள் சென்னியப்பன் நிமிர்ந்து உட்கார்ந்து, தெளிவாக, "வெள்ளிக்கிழமை" என்றார். டேரல் நெற்றியைச் சுருக்கினார். சிவப்புக் காலுறைக் கிழவியைப் பார்த்தார். "லூசில், உனக்குத் தெரியுமா அது?" லூசில் பிடிலை முழங்காலில் நிறுத்தி யோசித்தாள். "வெல்லிக்கிலமை. கேள்விப்பட்டதில்லையே. எந்தச் சுருதி?" மெட்டின் பேர் என்று நினைத்துவிட்டார்கள்.  இல்லை, அது பேர் இல்லை, அது ஒரு கிழமை, எங்கள் பாஷையில் ஒரு நாள், அவருக்கு அது ஒன்றுதான் வரும் என்று சொல்ல வேண்டும். எங்கே ஆரம்பிப்பது. "எங்களுக்குத் தெரியாது செனி, நீ ஆரம்பி, பிடித்துக்கொள்கிறோம்" என்றாள் லூசில், வில்லைக் கம்பிமேல் வைத்துக்கொண்டு. அவர் கண்ணை மூடினார். தொண்டையைக் கனைத்தார். வாய் திறக்கவில்லை. மூடிய வாய்க்குள்ளிருந்து கரகரவென்று ஒரு சத்தம் எழுந்தது, படியேறுகிற மாதிரி மூன்று எட்டு மேலே போய், அங்கே கொஞ்சம் நின்று, எதையோ தேடி, கிடைக்காமல் வழுக்கிக் கீழே வந்தது. மறுபடியும் ஏறியது. வார்த்தை இல்லை. ஒரு வார்த்தையும் இல்லை. பயிற்சிக்காரப் பெண் சொன்னது நடக்கவில்லை. ஆனால் இது என்ன?  மூன்றாவது முறை அது ஏறும்போது லூசிலின் வில் மெல்ல உடன் ஏறியது. நான்காவது முறை டேரலின் கிதார் அடியில் வந்து தாங்கியது. பாஸ் எங்கே கால் வைப்பது என்று ஒரு முறை தடுமாறி, வைத்துவிட்டது. அவ்வளவுதான். காற்றில் கிடந்த ஒன்று நின்றுவிட்டது, எல்லோரும் சேர்ந்து அதைச் சுற்றிச் சுற்றி வரத் தொடங்கிவிட்டார்கள்.

இவர்களுடைய மெட்டுத்தான் எதுவோ என்று பூங்கோதை நினைத்தாள். அவர்களுக்கே மறந்துபோன ஒன்று, இவர் எங்கோ மலையில் கற்றுக்கொண்டது. அழகாகத்தான் இருந்தது. எங்கோ கேட்டது மாதிரியும் இருந்தது, அடித்தளத்திலிருந்து கேட்டிருப்பாளாக இருக்கும். ஆனால் எதனாலோ உடம்பு ஒரு மாதிரி இளகியது. முதுகு வளைந்து, தோள் இறங்கி, ஈரமான ஏதோ ஒன்றின் முன்னால் நிற்பது மாதிரி. மடியில் எதுவோ அசைந்ததைப் பார்த்து, என்னவென்று குனிந்து பார்த்தாள். அவளுடைய வலது கை. விரல்களைக் குவித்துக்கொண்டு அது கைப்பையின் மேல் வட்டம் போட்டுக்கொண்டிருந்தது, மெட்டுக்குச் சரியாக, ஒரு சுற்று, இன்னொரு சுற்று, விளிம்பில் ஒரு அழுத்து. பாத்திரம் விளக்குகிற கை. கைக்குத் தெரிந்துவிட்டது, அவளுக்குத்தான் தெரியவில்லை. இது பாட்டே இல்லை. இதற்குப் பேர் கிடையாது, வார்த்தை கிடையாது. சாப்பாடு முடிந்து குழாயைத் திறந்துவிட்டு, அடிப்பிடித்த குக்கரைத் தேய்க்கும்போது தொண்டைக்குள் தானாக ஓடுகிற முனகல். அவள் பாடுகிறவள் இல்லை. மருந்துக்கடையில் ஒருநாள் மருந்தை எண்ணிக்கொண்டிருந்தபோது கூட வேலை செய்கிறவள், அது என்ன பாட்டு என்று கேட்டாள், எந்தப் பாட்டு என்று இவள் கேட்டாள், நிஜமாகவே தெரியாமல். இது எப்படி இவருக்கு? ஞாயிற்றுக்கிழமைகள். அவர் கீழே, அவள் மேலே. பாத்திரத் தொட்டிக்குப் பக்கத்தில் தரையோடு ஒரு இரும்புச் சல்லடை, அடித்தளத்திலிருந்து வீட்டைக் கதகதப்பாக்கும் சூளையின் சூட்டுக் காற்று மேலே வருகிற வழி. அந்தச் சல்லடை வழியாகத்தான் பாஞ்சோ சத்தம் ஏறி வரும். சில நாள் கோபத்தில் கால்மிதியை எடுத்து அதன்மேல் போட்டு மூடியிருக்கிறாள். மேலே வருகிற வழி கீழேயும் போகும் என்று ஒருமுறைகூட அவளுக்குத் தோன்றியதில்லை. எத்தனை காலம் கீழே உட்கார்ந்து கேட்டிருப்பார்? கேட்கும்போது வாசிப்பதை நிறுத்தியிருப்பாரா? கீழே சத்தம் நின்றுபோன நேரங்கள் இருந்தன, டீ குடிக்கிறாராக்கும் என்று நினைத்துக்கொள்வாள். ஒரு வார்த்தை சொன்னதில்லை மனுசன். வாய் இருந்த காலத்தில் ஒரு வார்த்தை சொன்னதில்லை. அவளுடைய குக்கர் தேய்க்கிற முனகலை முன்பின் தெரியாத பத்துப் பன்னிரண்டு பேர் பிடிலிலும் கிதாரிலும் வாசித்துக்கொண்டிருந்தார்கள், சிவப்புக் காலுறைக் கிழவி கண்ணை மூடி அதில் சின்னச் சின்னக் குழைவுகள் சேர்த்துக்கொண்டிருந்தாள். பூங்கோதைக்குக் கூச்சமாக இருந்தது, குளித்துவிட்டுத் தலை துவட்டும்போது யாரோ கதவைத் திறந்துவிட்ட மாதிரி. கையை எடுத்து முந்தானைக்குள் வைத்துக்கொண்டாள்.

மெட்டு தயங்கி நின்றது. "அருமையாக இருக்கிறது" என்றாள் லூசில். "இரண்டாம் பாதி எங்கே, செனி?" இந்த மெட்டுகளுக்கெல்லாம் இரண்டு பாதி உண்டு, ஒன்று தாழ இருந்தால் மற்றது உயரப் போகும், இரண்டையும் இரண்டிரண்டு முறை வாசிப்பார்கள், இவ்வளவு நேரம் கேட்டதில் பூங்கோதைக்கே அது புரிந்திருந்தது. சென்னியப்பன் மூச்சை இழுத்தார். முதல் பாதிதான் மறுபடி வந்தது. நிறுத்தினார். மறுபடி முயன்றார், நெற்றியில் வேர்த்தது, மறுபடியும் முதல் பாதி. போதுமுங்க விடுங்க என்று அவள் சொல்ல இருந்தாள். அவர் இடது கையைக் கைப்பிடியிலிருந்து எடுத்து, கை முழுவதையும் நீட்டி, அவளைக் காட்டினார். "வெள்ளிக்கிழமை" என்றார். நீ சொல்லு. வட்டம் மொத்தமும் திரும்பி அவளைப் பார்த்தது. "எனக்குத் தெரியாதுங்க" என்றாள் தமிழில், பிறகு ஆங்கிலத்தில், "நான் பாடுகிறவள் இல்லை." டேரல் கிதாரின் மேல் கையைப் போட்டுக்கொண்டு, "நாங்களும் இல்லை" என்றார். யாரோ சிரித்தார்கள், நல்ல சிரிப்பு. அவர் கை நீட்டியபடியே இருந்தது. கையை எடுத்துவிடுங்களேன், வலிக்கப் போகிறது. எடுக்க மாட்டார். பூங்கோதை முந்தானைக்குள்ளிருந்து வலது கையை வெளியே எடுத்தாள். கைப்பையின் மேல் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு, வட்டம் போட்டாள். ஒன்றும் வரவில்லை. வெட்கம்தான் வந்தது. இன்னொரு வட்டம். குழாய்த் தண்ணீர், பழுப்பான குக்கர், ஜன்னலில் பக்கத்து வீட்டுக்காரரின் விளக்கு. தொண்டையில் எதுவோ அவிழ்ந்தது. உயரத்தில் எழுந்தது, மெல்லிசாக, உடைந்த குரலில், ஆனாலும் எழுந்தது, முதல் பாதி தேடி விட்டுவிட்டு வந்ததை எட்டித் தொட்டுவிட்டு, ஒரு சுற்றுச் சுற்றி, நேராக வீட்டுக்கு இறங்கியது. லூசிலின் வில் பின்னாலேயே வந்தது. கிதார் வந்தது. இரண்டாவது முறை இன்னும் கொஞ்சம் தைரியமாக ஏறினாள், சுற்றினாள், இறங்கப் போனாள்.

"வெள்ளிக்கிழமை!" என்றார் சென்னியப்பன். சள்ளென்று, எரிச்சலாக. எல்லாம் நின்றது. அவர் தலையை ஆட்டினார், இல்லை இல்லை என்று. வாயை மூடி அந்தக் கடைசி இறக்கத்தை முனகிக் காட்டினார். முதல் பாதியை முனகிய பிறகு வராமல் போனது, அவள் எடுத்துக் கொடுத்ததும் வந்துவிட்டது அவருக்கு. நேராக இறங்கவில்லை அது. இறங்குகிற மாதிரி போக்குக் காட்டி, இன்னும் ஒருமுறை மேலே தொட்டுவிட்டு, பிறகுதான் இறங்கியது. "இல்லீங்க" என்றாள். "நேராத்தான் எறங்கும்." "வெள்ளிக்கிழமை." "நேராத்தானுங்க எறங்கும், மறுபடி எதுக்குங்க மேல போகுது?" "வெள்ளிக்கிழமை, வெள்ளிக்கிழமை" என்று அவர் இடது கையால் காற்றில் கோடு போட்டுக் காட்டினார், பாலத்தில் விரிசல் இங்கேதான் என்று ஜூனியருக்குக் காட்டுகிற அதே கையால், ரசத்தில் உப்பு, சாலையில் திருப்பம், கல்யாணத் தேதி, எதைச் சொன்னாலும் இல்லையென்று காட்டுகிற அதே கையால். அவளுக்குக் கழுத்திலிருந்து சூடு ஏறியது. "முணுமுணுத்தவ நானு! எனக்குத் தெரியாதுங்களா? கீழ உக்காந்து ஒட்டுக் கேட்டுட்டு, இப்ப எனக்கே சொல்லிக் குடுக்கறீங்களா?" குரல் வகுப்பறைச் சுவரில் முட்டித் திரும்பி வந்தபோதுதான் எவ்வளவு சத்தமாகக் கத்தியிருக்கிறாள் என்று தெரிந்தது. எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் சிரித்துக்கொண்டிருந்தார். பாதி முகம்தான் சிரித்தது, ஆனால் அந்தப் பாதி நன்றாகச் சிரித்தது, கண் இடுங்கி, பல் தெரிய. பூங்கோதை தன் கோபத்தைப் பார்த்தாள். அந்தப் புதன்கிழமைக்குப் பிறகு இன்றைக்குத்தான். இத்தனை மாதம் தூங்குகிற குழந்தையைச் சுற்றி நடக்கிற மாதிரி அவரைச் சுற்றி நுனிக்காலில் நடந்திருக்கிறாள். மரத்துப்போன காலில் ரத்தம் திரும்பும்போது சுருக் சுருக்கென்று குத்துமே, அப்படிக் குத்தியது. மன்னிப்புக் கேட்க வேண்டுமென்று வாய் வரைக்கும் வந்தது. கேட்கவில்லை.

"எதை வாசிப்பது நாங்கள்?" என்று டேரல் பொதுவாகக் கேட்டார். "நான் பாடினதை" என்றாள் பூங்கோதை. "வெள்ளிக்கிழமை" என்றார் சென்னியப்பன். லூசில் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள், கல்யாணமாகி நெடுநாள் ஆனவர்களைப் பார்த்த அனுபவம் அந்தப் பார்வையில் இருந்தது. "எப்படியும் இரண்டு முறை வாசிக்கப் போகிறோம். முதல் முறை உங்களுடையது, இரண்டாம் முறை அவருடையது" என்று சொல்லிவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் வில்லை இழுத்தாள். முதல் பாதி தாழ வந்தது, அவர் முனகினார். இரண்டாம் பாதி எழுந்தது, அவள் பாடினாள், நேராக இறங்கினாள், அவரைப் பார்த்து ஒரு முறைப்பு முறைத்தாள். மறுபடி ஏறியது. இறங்கும் இடம் வந்தது. பாடாமல் இருந்துவிடலாம் என்றுதான் இருந்தாள், தொண்டை கேட்கவில்லை, அவரோடு சேர்ந்து இன்னும் ஒருமுறை மேலே போய்த் தொட்டுவிட்டுத்தான் இறங்கியது. தொட்ட இடத்தில் நெஞ்சுக்குள் ஒரு கதவு சத்தமில்லாமல் திறந்து மூடியது. அப்படித்தான் இருந்திருக்கிறது. குக்கரின் அடியைத் திருப்பும்போது கையை உயர்த்துவாளே, அந்த இடம். அவர் சொன்னதுதான் சரி. அதை ஒத்துக்கொள்கிற எண்ணம் அவளுக்குக் கொஞ்சமும் இல்லை. வீடு போய்ச் சேருகிற வரைக்கும், ஒவ்வொரு பாலமாகத் தாண்டும்போதும், இதைச் சொல்லிச் சொல்லி அவரோடு சண்டை போட வேண்டும் என்று நினைத்துக்கொண்டே அடுத்த சுற்றுக்கு மூச்சை இழுத்தாள்.